அடுத்தவர் திண்ணையில் ஒரு சிம்மாசனம்

மேடைகளில் பழைய காலத்து ஆசிரியரைப் பற்றி ஆரம்பித்தால் பேச்சாளருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். ஆலமரம், வெண்தாடி, காலடியில் அடங்கி ஒடுங்கிய சீடர்கள், தட்சிணையாகக் கேட்டால் கட்டைவிரலையே நறுக்கித் தரும் பக்தி. நானும் ஆசிரியர் தின விழாக்களில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இதற்கெல்லாம் தலையாட்டியவன்தான். பென்ஷன் கைக்கு வந்துவிட்டதால் இனி உண்மையைச் சொல்லலாம். எங்கள் தொழிலின் மூதாதை ரிஷி கிடையாது. அடுத்தவர் வீட்டுத் திண்ணையில் வாடகையில்லாமல் உட்கார்ந்துகொண்டு, இன்றைக்கு யார் வீட்டிலிருந்து என்ன வரும் என்று தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சம்சாரி.

சில ஊர்களில் அவரை அண்ணாவி என்பார்கள், சில ஊர்களில் வாத்தியார், கொஞ்சம் பசையுள்ள ஊராக இருந்தால் உபாத்தியாயர். பேர் எதுவானாலும் வேலை கோழி கூவும்போது ஆரம்பித்துவிடும். விடிந்தும் விடியாததுமாகப் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து சேர வேண்டும். தாமதத்துக்கு ஒரு ஏற்பாடு இருந்தது. 1823ஆம் ஆண்டு பல்லாரி கலெக்டராக இருந்த காம்பெல் துரை, தம் ஜில்லாப் பள்ளிக்கூடங்களைப் பற்றி சென்னைக்கு அனுப்பிய அறிக்கையில் அதை அக்கறையாக எழுதி வைத்திருக்கிறார். முதலில் வந்தவன் உள்ளங்கையில் மரியாதையாக சரஸ்வதி என்று எழுதுவார்கள். இரண்டாமவனுக்கு ஒரு சுழி: புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாமவனுக்குச் செல்லமாக ஒரு அடி, நாலாமவனுக்கு இரண்டு, அப்புறம் வருகிறவனுக்கெல்லாம் ஒவ்வொன்று கூட. இருபதாவதாக வந்தவனுக்குப் பதினெட்டு. எண்சுவடியை ஆறு மாதம் உருப்போட்டும் ஏறாத பிள்ளைக்குக்கூட இந்தக் கணக்கு மட்டும் வழியில் நடந்து வரும்போதே சுத்தமாக வந்துவிடும்.

கணக்கில் கெட்டிக்காரன் வீட்டுக்குத் திரும்பி நடப்பான். அதற்கும் வழி இருந்தது. சட்டாம்பிள்ளை நாலு தடியன்களைக் கூட்டிக்கொண்டு போய், வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து அவனைக் கையொருவர் காலொருவராகத் தூக்கிக்கொண்டு வருவான். தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும். பெற்ற தாய் அடுப்படியில் இருந்துகொண்டு கேட்காத மாதிரி இருப்பாள். திண்ணைக்கு வந்ததும் கோதண்டம்: இரண்டு கையையும் கட்டி உத்தரத்திலிருந்து தொங்கவிடுவது. காம்பெல் துரை இதையும் விடவில்லை. சோம்பேறிப் பிள்ளையைக் கூரையில் கப்பி மாட்டித் தொங்கவிடுகிறார்கள், இல்லாவிட்டால் ஓயாமல் உட்கார்ந்து எழச் செய்கிறார்கள் என்று எழுதினார். பின்னது நம் தோப்புக்கரணம்தான். பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமாகக் கட்டடம் கிடையாது. எழுதுவதற்கு மணல், ஓலை, ஓர் எழுத்தாணி. இந்த லட்சணத்தில் கப்பி மட்டும் இருந்திருக்கிறது. ஊரார் எதற்குத் தாராளமாகச் செலவு செய்தார்கள் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பன் தாம்பாளத்தை வைத்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனைதான் போடுவான்: "கண்ணு ரெண்டையும் விட்டுடுங்க, மத்தபடி தோலை உரிச்சிடுங்க." இப்படி முழு அதிகாரம் கொடுக்கப்பட்ட உத்தியோகம் அந்தக் காலத்தில் தாசில்தாருக்குக்கூட இருந்திருக்காது. ஆனால் அண்ணாவியின் பிரம்புக்கு ஊர் நிலவரம் தெரியும். நிலமில்லாதவன் பிள்ளைக்கு முழு வீச்சு, காலே அரைக்கால் நிலம் மாத்திரம் உள்ளவன் பிள்ளைக்கு அரை வீச்சு, திண்ணைக்குச் சொந்தக்காரர் பிள்ளைக்கு வெறும் கனைப்பு.

"என்ன அண்ணாவி, நம்ம பய எப்படிப் படிக்கிறான்?" என்று அந்த வீட்டுப் பெரியவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுக் கேட்பார்.

"ஐயா வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லணுங்களா, கற்பூரம்ல!"

ஆத்திசூடியில் மூன்றாம் வரியைத் தாண்டாத கற்பூரம் தூணுக்குப் பின்னாலிருந்து பல்லைக் காட்டும். பிள்ளையின் மூளை மாறினாலும் பதில் மாறாது, திண்ணை மாறினால்தான் மாறும்.

சரி, இவ்வளவுக்கும் என்ன கிடைத்தது? பிள்ளைக்கு மாதம் நாலணாவிலிருந்து எட்டணா வரை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு சராசரியாகப் பதினைந்து பிள்ளைகள். ஆறோ ஏழோ ரூபாய் தேறும், அதுவும் எல்லாரும் கொடுத்தால். கொடுக்க மாட்டார்கள். "அறுவடை ஆகட்டும்" என்பார்கள். அறுவடை ஆனதும் "கல்யாணம் ஒண்ணு வந்துடுச்சு" என்பார்கள். கல்யாணத்துக்கு ஓலை எழுதிக் கொடுத்ததும் இந்த மனுஷன்தான்.

ஆகவே குடும்பத்தை உண்மையில் நடத்தியது வாத்தியார் வீட்டம்மாள். எந்தப் பிள்ளை வீட்டில் எருமை கன்று போட்டிருக்கிறது, யார் கொல்லையில் அவரை காய்த்திருக்கிறது, எவன் பாட்டிக்குக் கை நீளம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. காலையில் உலையை வைத்துவிட்டுக் கதவிடுக்கு வழியாகக் குரல் கொடுப்பாள்: "இந்தாங்க, இன்னிக்கு வரட்டி தீர்ந்துபோச்சு." அரை நாழிகையில் அரிச்சுவடி வகுப்பிலிருந்து இரண்டு பேர் காணாமல் போவார்கள். வரட்டி வந்துவிடும். எந்தச் சுவரிலிருந்து வந்தது என்று கேட்பது மரியாதை இல்லை. பறங்கிக்காயும் அப்படித்தான். களவு கூடாது என்று ஓலையில் எழுதிக் கையெழுத்து அழகாக வந்தவனே அதிலும் முன்னால் நிற்பான்.

ஊர்க்காரர்களுக்கு வாத்தியார் என்பவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த நேரம் போக மீதியைச் சும்மா கழிக்கிறவர். ஆகவே பத்திரம் படிக்க, நெல் கணக்குப் போட, பஞ்சாங்கம் பார்த்து நல்ல நேரம் சொல்ல, தொலைந்த மாடு எந்தத் திசை என்று சொல்ல, எல்லாவற்றுக்கும் அவர்தான். தபால் வந்தது இன்னொரு தொல்லை. இந்தியாவில் 1879இல் காலணா கார்டு விற்பனைக்கு வந்தது. கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போன ஆம்பிளைகளைப் பற்றிய சேதியெல்லாம் திண்ணைக்கு வர ஆரம்பித்தது. படிக்கத் தெரிந்தவர் ஒருவர், கேட்கக் காத்திருப்பவர் தெரு முழுக்க. மாமியார் ஒரு பக்கம் நின்று, "நீ அனுப்பின பணத்துல உன் பொண்டாட்டி என்ன பண்றான்னு எழுதுங்க" என்பாள். மருமகள் மறுநாள் தனியாக வந்து, "நேத்து அத்தை என்ன எழுதச் சொன்னாங்க?" என்பாள். சொன்னதையெல்லாம் எழுதினால் ஒரு குடும்பம் உடையும். எழுதாவிட்டால் மறுநாள் மோர் வராது. வாத்தியார் பாதியை எழுதி, மீதியை மங்களத்தால் நிரப்பி, இரண்டு பக்கமும் மோர் வாங்கிக்கொண்டார். நாட்டில் எத்தனையோ கூட்டுக் குடும்பங்கள் உடையாமல் இருந்ததற்குப் பண்பாடு காரணம் என்கிறார்கள். எனக்கென்னவோ காரணம் அந்த மோர்தான் என்று தோன்றுகிறது.

வருஷத்துக்கு ஒருமுறை அவருக்கு நல்ல காலம் பிறக்கும். நவராத்திரியில் பிள்ளைகள் புது உடுப்பும் கோலாட்டக் கழியுமாகக் கிளம்பி வீடு வீடாகப் போய்ப் பாடி வாத்தியாருக்குக் காசு சேர்ப்பார்கள். மானம்பூ என்று இதற்குப் பேர். உ.வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தில் இதையெல்லாம் அன்போடு எழுதியிருக்கிறார். அவர் நல்ல மனிதர், எல்லாவற்றையும் அன்போடுதான் எழுதுவார். நான் வாத்தியார் கண்ணால் பார்க்கிறேன்: வருஷம் முழுக்க உள்ள பாக்கியை வசூலிக்கக் குழந்தைகளைப் பாட வைத்து அனுப்புகிறவரின் கூச்சம் எப்படிப்பட்டது? கூச்சம் இருந்திருக்காது, பழகியிருக்கும்.

இந்தத் திண்ணையைப் பார்த்து ஒருவர் மட்டும் பெரிய மனிதர் ஆனார். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். 1789இல் எழும்பூரில் இருந்த ராணுவ அனாதைப் பிள்ளைகள் விடுதிக்கு மேற்பார்வையாளர் ஆனார். ஒருநாள் குதிரையில் போகையில் நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். விடுதிக்குத் திரும்பி அப்படியே செய்யச் சொன்னார். அவருடைய ஆசிரியர்கள் இதெல்லாம் ஆகாது என்று முகத்தைச் சுளித்தார்கள். அவர் அவர்களை விட்டுவிட்டு, எட்டு வயதுப் பையன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக்கிச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். வேலை நடந்தது. 1797இல் லண்டனில் புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்தது. 1832இல் இறந்தபோது அவரை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். சட்டாம்பிள்ளையை நம்பி வாத்தியாருக்குச் செலவைக் குறைக்கலாம் என்று கண்டுபிடித்தவருக்கு ராஜாக்கள் பக்கத்தில் இடம். அந்த மணலைப் பரப்பி வைத்த அண்ணாவியின் பேர் அவர் உட்கார்ந்த திண்ணையில்கூட இல்லை.

தாமஸ் மன்றோ சென்னை மாகாண கவர்னராக இருந்தபோது 1822இல் எல்லா கலெக்டர்களையும் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். கனரா ஜில்லா கலெக்டர் மட்டும், இந்தப் படிவத்தை நிரப்புவதால் பயனில்லை என்று எழுதிவிட்டார். படிவம் நிரப்பியே விரல் தேய்ந்த எங்கள் வர்க்கம் அந்த மகானுக்கு ஒரு சிலை வைத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அனுப்பியதைக் கூட்டிப் பார்த்தால் மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஆறு ஏழு ரூபாய்க்குத் தகுதியான ஆள் இந்தத் தொழிலுக்கு வருவானா என்று மன்றோ 1826இல் நியாயமாகவே கேட்டார். தாசில்தாரிப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாய், கலெக்டர் ஊர்ப் பள்ளி ஆசிரியருக்கு 15 ரூபாய் என்று யோசனையும் சொன்னார். அடுத்த ஆண்டே அவருக்கு வாந்திபேதி கண்டு காலமானார். திட்டமும் வெகுநாள் தாங்கவில்லை. எங்கள் சம்பளத்தைக் கூட்டப் பார்த்தவர் என்பதால் நான் அவரை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பன்னிரண்டாயிரம் எண்ணிக்கையைக் காட்டி, பார்த்தீர்களா எப்படிப்பட்ட பொற்காலம் என்று கண்கலங்குகிறவர்கள் இப்போதும் உண்டு. திண்ணைக்கு ஏறுவதற்கு இரண்டு படி இருக்கும். யார் ஏறலாம் என்று ஊர் முடிவு செய்திருந்தது. சேரிப் பிள்ளைக்கு அந்தத் தெருவிலேயே நடக்க வழியில்லை. பெண் பிள்ளைகள் திண்ணைக்குப் பின்னால் வாசற்படிக்கு உள்பக்கம் நின்று காதால் கேட்டால் உண்டு. கோதண்டத்தில் தொங்குவதற்கும் ஒரு ஜாதகம் வேண்டியிருந்தது. அண்ணாவி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை. மோர் நின்றுவிடும்.

பிறகு சர்க்கார் உள்ளே வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பரீட்சையில் எத்தனை தலை தேறுகிறதோ அதற்குத் தக்கபடி மானியம் என்று ஒரு முறை கொண்டுவந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைக் கடன் வாங்கி உட்கார வைத்ததாகவும், இன்ஸ்பெக்டர் அங்கே போவதற்குள் குறுக்கு வரப்பில் ஓடவிட்டதாகவும் எங்கள் பக்கத்துத் தாத்தாக்கள் கதை சொல்வார்கள். ஒரே பையன் இரண்டு ஊரில் தேறியிருக்கிறான். புத்திசாலிதான், அவனுக்குத்தான் மானியம் கிடைக்கவில்லை.

1953இல் ராஜாஜி தொடக்கப் பள்ளியை மூன்று மணி நேரமாகச் சுருக்கி, மீதி நேரம் பிள்ளை அப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். குலக்கல்வி என்று எதிர்த்து மாகாணமே கொதித்தது. நியாயமான கொதிப்பு. அடுத்த ஆண்டு காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். அந்தக் கூச்சலில் எங்கள் சந்தேகம் யார் காதிலும் விழவில்லை: காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம் என்று இரண்டு ஷிப்ட் பார்க்கும் வாத்தியாரின் மகன், அப்பனிடம் எந்தத் தொழிலைப் பழகுவான்? மளிகைக் கடையில் கடன் சொல்வதையா?

காமராஜர் காலத்தில் பிள்ளைகளுக்குச் சோறு வந்தது, வாத்தியாருக்கு ஓய்வூதியம் வந்தது. அதைக் கிண்டல் செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் மதிய உணவு தொடங்கியபோது ஊரார் தரும் அரிசி பருப்பைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள். அதைக் கேட்டு வாங்கப் பையோடு வீடு வீடாகப் போனது யார் என்று நினைக்கிறீர்கள்? கோலாட்டக் கழிதான் இல்லை.

அதன் பிறகு மக்கள்தொகைக் கணக்கு, மாட்டுக் கணக்கு, தேர்தல், வாக்காளர் பட்டியல், சொட்டு மருந்து. பிரம்பைச் சட்டம் பிடுங்கிக்கொண்டது, நல்லதாயிற்று. தோலை உரிக்கச் சொன்ன அப்பனின் பேரன் இப்போது, என் பிள்ளையை ஏன் முறைத்தீர்கள் என்று கேட்க வருகிறான். திண்ணைகளை இடித்து கிரில் கேட் போட்டுவிட்டார்கள். வாத்தியார் இப்போது கேட்டுக்கு வெளியே நிற்கிறார்.

போன முறை வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போன இளம் ஆசிரியர் ஒருவரோடு துணைக்கு நடந்தேன். ஒரு வீட்டில் பாட்டி மட்டும் இருந்தாள்.

"வீட்டுல எத்தனை ஓட்டு பாட்டி?"

"அதை அப்புறம் சொல்றேன். வாத்தியார்தானே நீ? இந்தக் கடுதாசியப் படி. பேங்க்லேருந்து மவன் பேருக்கு வந்திருக்கு. மருமககிட்ட குடுத்தா பாதிய மறைச்சுடுவா."

நகைக் கடன் நோட்டீஸ். அடகில் இருந்தது பாட்டியின் சங்கிலி. எந்தத் தேதியில், எவ்வளவுக்கு என்று தெளிவாக இருந்தது. தம்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு வட்டியைப் பற்றி இரண்டு வரியும் வங்கியின் முகவரியும் மட்டும் கணீரென்று படித்துக் காட்டினார். அந்தத் தெருவில் அவருக்கு இன்னும் முக்கால்வாசி வீடு பாக்கி இருந்தது.