பல்திரை இயல்: மூலமும் குனோங் ராபாட் உரையும்

மெல்லிய மடிக்கணினியில் இரண்டு மூன்று திரைகளைப் பூட்டும் கலைக்குத் தமிழில் இலக்கணம் இல்லை. நன்னூல் எழுத்துக்கும் சொல்லுக்கும் விதி சொன்னது, கேபிளுக்குச் சொல்லவில்லை. அக்குறையை நீக்க எழுந்தது இச்சிறுநூல். நூற்பா செய்தவனும் உரை எழுதியவனும் ஒருவனே ஆதலால் இருவருக்கும் கருத்து வேறுபாடு குறைவு. அறவே இல்லை என்று சொல்லத் துணியேன்.

கேட்போர் யாரெனின், வீட்டிலிருந்து வேலை பார்ப்போர். களம் எதுவெனின், குனோங் ராபாட். ஈப்போவுக்குத் தெற்கே சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் கிடக்கும் இவ்வூரை வெளியார் ஹியோங் பியா பிஸ்கட்டுக்காகவும் சாம் போ தோங் குகைக் கோயிலுக்காகவும் அறிவர். திரையாய்வுக்கு இது உகந்த களமானது 2020 மார்ச் 18இல், நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது. அதையொட்டி அலுவலகத் திரைகள் காடிகளின் பின்னிருக்கையில் பெல்ட் மாட்டி அமர்ந்து வீடு வந்தன. ஆணை நீங்கிய பிறகும் சில திரும்பிப் போகவில்லை. அதை யாரும் விசாரிக்கவில்லை, ஆய்வாளனும் விசாரிக்கவில்லை.

வெளித்திரை கிந்தா பள்ளத்தாக்குக்குப் புதிதன்று. ஈப்போவை அடுத்த தம்புன் குன்றின் பாறைச் சுவரில் முன்னோர் செங்காவியால் விலங்குகளையும் மனிதர்களையும் தீட்டி வைத்திருக்கிறார்கள். 1959இல் கூர்க்காப் படை அதிகாரி ஒருவரின் கண்ணில் பட்டு அவை வெளியுலகுக்குத் தெரிந்தன. கேபிள் இல்லை, விநாடிக்குப் புதுப்பிப்பு சுழியம், ஆயினும் படம் இன்னும் வருகிறது.

அடுத்த சான்று ரப்பர் தோட்டத்து ஆபீஸ். கிராணியின் மேசையில் இடப்பக்கம் செக்ரோல், வலப்பக்கம் பால் கணக்கு. ஒன்றைப் பார்த்து மற்றொன்றில் எழுதுவதே அவர் வேலை. இதை மூடிவிட்டுத்தான் அதைத் திறக்கலாம் என்று சொல்லியிருந்தால் சம்பள நாள் தள்ளிப் போயிருக்கும். எக்செலை இடத்திலும் ஈமெயிலை வலத்திலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்றைய கணக்காளர் அந்தக் கிராணியின் நேர் வாரிசு என்பது என் துணிபு. எதிர்வாதி இதை ஏற்கமாட்டார். முத்து நெடுமாறன் இதே நாட்டில் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கினாரே, அந்தக் காலத்துக் கணினிக்கு எத்தனை திரை என்று கேட்பார். அந்தக் காலத்துக் கணினியில் வாட்சாப்பும் இல்லை என்பது விடை.

இனி மூலம்.

துளையெலாம் ஒன்றெனத் தோன்றினும் அவற்றுள்
படம்வரு துளைசில, வாராச் சிலவே.

2014இல் வந்த யூஎஸ்பி-சி துளையில் 24 தொடுமுனைகள். மின்சாரம், தரவு, படம் மூன்றும் அதன் வழியே போகலாம். ‘போகலாம்’ என்பதைப் ‘போகும்’ என்று படித்தவர்களே கடைக்கு இரண்டாம் முறை போகிறவர்கள். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளுக்கும் முகம் அதுவே. பாசார் மாலாமில் வாங்கிய கேபிளைக் கொண்டுபோய்க் காட்டினால் கம்ப்யூட்டர் கடைத் தவுக்கே அதைக் கையில்கூட வாங்காமல், “பாஸ், இது சார்ஜ் மட்டும் லா” என்பார்.

துளையும் சரி, கேபிளும் சரி என்றானபின் கணக்கு மிஞ்சும். 1920க்கு 1080 புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், விநாடிக்கு 60 முறை. பெருக்கினால் ஏறத்தாழ 300 கோடி பிட். 4கே திரைக்கு அதன் நான்கு மடங்கு, ஏறத்தாழ 1,200 கோடி. துளைக்குள் அதிவேகத் தடங்கள் நான்கு. மலிவான ஹப் அவற்றில் இரண்டைப் பென்டிரைவ் வகையறாவுக்கு ஒதுக்கிவிட்டு மீதி இரண்டைப் படத்துக்கு விடும். டிஸ்பிளேபோர்ட் 1.2 கணக்கில் அந்த இரண்டிலும் சேர்த்து 864 கோடி பிட்தான் போகும். ஆகவே 4கே திரை விநாடிக்கு 30 முறை மட்டும் புதுப்பிக்கும். மவுஸ் அம்பு நொண்டி நொண்டி வரும். ஹப் பெட்டியின் மேல் ‘4கே’ என்று பெரிதாகவும் ‘30’ என்று சிறிதாகவும் அச்சிட்டிருக்கும். பெரிதாக அச்சிட்டது பொய்யன்று. வாங்கியவர் கண்ணாடி போடாமல் போனார், அவ்வளவே.

திறப்பின் ஒன்றே, மூடின் இரண்டே
மூன்றாம் தலைமுறை மெல்லியற்கு என்ப.

ஆப்பிளின் மேக்புக் ஏர் பற்றிய நூற்பா இது. 2020இல் வந்த எம்1, 2022இல் வந்த எம்2 ஆகிய இரு சில்லு ஏர்களும் ஒரு வெளித்திரையை மட்டும் தாங்கும். சில்லிலிருந்த இரண்டு படப்பொறிகளில் ஒன்றை உள்திரைக்கே நேர்ந்துவிட்டார்கள். 2024இல் வந்த எம்3 ஏரில் மூடியைச் சாத்தினால் அந்தப் பொறி விடுதலையாகி இரண்டாம் வெளித்திரைக்கு வரும். ஆக, இரண்டு கண் திறக்க மூன்றாம் கண்ணை மூட வேண்டும். புராணத்தில் இதற்கு முன்மாதிரி இல்லை. 2025இன் எம்4 ஏரில் மூடாமலே இரண்டும் வரும் என்பதால் இந்நூற்பா சீக்கிரமே வழக்கொழியும். இலக்கணம் எழுதி முடிப்பதற்குள் வழக்கு மாறுவது தமிழுக்கு மட்டும் நேர்ந்த கதியன்று.

துளைக்கு வைத்த பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. தண்டர்போல்ட் 4 என்ற பட்டம் வேண்டுமானால் கணினி இரண்டு 4கே திரைகளைத் தாங்க வேண்டும் என்பது இன்டெல் வகுத்த விதி. எம்1, எம்2 ஏர்களின் துளையை ஆப்பிள் ‘தண்டர்போல்ட் / யூஎஸ்பி 4’ என்று எழுதியது. 4 இருக்கிறது, யூஎஸ்பியின் பக்கம். இந்தச் சாய்கோடு ஒன்றுக்கே தனி உரை எழுதலாம். எழுதினால் வாங்கியவர்கள் அழுவார்கள்.

விண்டோஸ் மெல்லிகளுக்கு இத்துன்பம் குறைவு. இன்டெலின் பதினோராம் தலைமுறைச் சில்லு நான்கு திரை வரை தாங்கும். அந்த இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை 1972இல் திறந்தது நமக்கு வடக்கே பினாங்கில் என்பதை இங்கே சேர்த்துக்கொள்க. சேர்க்காவிட்டால் பினாங்குச் சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒரே வடத்தில் பல படங்களை அனுப்பும் முறை 2010இல் டிஸ்பிளேபோர்ட் 1.2வோடு வந்தது. விண்டோஸ் அதை ஏற்று இரண்டு திரையிலும் இரண்டு படம் காட்டும். மேக்கில் அதே ஹப்பைச் சொருகினால் இரண்டு திரையிலும் ஒரே படம். குனோங் ராபாட்டாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குன்றுகளுக்கு நடுவே தாசேக் செர்மின் ஏரி இருக்கிறது. நீருக்கு மேல் ஒரு மலை, நீருக்குள் ஒரு மலை. நீருக்குள் இருக்கும் மலையில் தனியாக எக்செல் திறக்க முடியாது.

ஒன்றே தருவேன் எனுங்கணி தன்னை
வென்றே கடப்பர் மென்பொருள் வல்லோர்.

டிஸ்பிளேலிங்க் வகை டாக்கைக் குறித்தது. கணினிக்குள் இல்லாத திரை ஒன்றை மென்பொருள் இருப்பதாகப் பாவித்து, அதன் படத்தைச் சுருக்கிச் சாதாரணத் தரவாக யூஎஸ்பி வழியே அனுப்பும். டாக்கிலிருக்கும் சில்லு விரித்துத் திரையில் காட்டும். படப்பொறியின் வேலையைக் கணினியின் மூளை இழுத்துப் போட்டுச் செய்வதால் கணினி கொஞ்சம் சூடாகும். மேக்கில் இதற்குத் ‘திரையைப் பதிவு செய்யலாம்’ என்ற அனுமதி தர வேண்டும். அது கேட்கும்போது பயப்பட வேண்டாம். காப்புரிமைப் பூட்டுள்ள படங்கள் மட்டும் கறுப்பாகத் தெரியும். வேலை நேரத்தில் படம் பார்ப்போரை முதலாளியிடம் காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு இதுவன்று. பலன் என்னவோ அதுவே.

மெல்லிய கணினி வாங்குவோர் எல்லாம்
வல்லிய மேசையும் வாங்குவர் பின்னே.

நூலின் உயிர் இந்நூற்பா. எம்2 ஏரின் எடை 1.24 கிலோ, தடிமன் 11.3 மில்லிமீட்டர். கோப்பிக் கடைக்கும் குகைக் கோயில் தோட்டத்துக்கும் தூக்கிப் போகலாம் என்றே வாங்குகிறார்கள். பிறகு 24 அங்குலத் திரை ஒன்று, காலோடு மூன்று முதல் ஆறு கிலோ வரை. அது தனியாக இருப்பதைக் காணச் சகியாமல் இன்னொன்று. டாக், டாக்குக்குச் செங்கல் மாதிரி ஓர் அடாப்டர். மும்முனை பிளக்குகள் பெரியவை; சுவரில் இருப்பதோ ஒரு சொக்கெட். ஆகவே எக்ஸ்டென்ஷன், அதில் மேசைக் காற்றாடிக்கும் ஓர் இடம். திரை கண்மட்டத்துக்கு வரவில்லை என்று அடியில் காலி பிஸ்கட் டின்கள். எல்லாம் ஏறிய பிறகு சாப்பாட்டு மேசை ஆடும். வீட்டார் ஹாலில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவார்கள். கணினி கழற்றிவிட்ட எடையில் ஒரு கிராமும் வீணாகவில்லை, அத்தனையும் மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதை எடை மாறாமை விதி என்று வகுத்தேன். மூடியைச் சாத்திச் சுவரோரம் நிறுத்திய மெல்லியின் நிலையை எண்ணிப் பாருங்கள். மேசைமேல் எடை குறைந்தது அதுவே. அசைய முடியாததும் அதுவே.

ஹாலில் இருக்கும் டிவியும் ஒரு வெளித்திரையே என்று சிலர் வாதிப்பர். எச்டிஎம்ஐ ஒன்றில் ஆஸ்ட்ரோ, இரண்டில் மடிக்கணினி. வாதம் சாயங்காலத் தொடர் தொடங்கும்வரை செல்லும். இதற்கு உரை வேண்டா.

புறனடை இடியைப் பற்றியது. கிந்தா பள்ளத்தாக்கில் மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்தால் அம்மா எழுந்து பிளக்குகளைப் பிடுங்கத் தொடங்குவார். இன்டர்நெட் மோடம், டிவி, பிறகு எக்ஸ்டென்ஷன். இரண்டு திரையும் அணையும். பேட்டரியால் பிழைத்திருக்கும் மெல்லியின் மூடியைத் திறந்தால், அங்குமிங்கும் விரிந்து கிடந்த ஜன்னல்கள் அத்தனையும் பதின்மூன்றரை அங்குலத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்திருக்கும்.

“ஏன்டா, எல்லாம் இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர்லதானே இருக்கு? அப்பறம் எதுக்கு மேசை பூரா டிவி?” என்றார் அம்மா, பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு.

எதிர்வாதியின் இக்கூற்றுக்கு மறுப்புரை எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூலத்தையும் உரையையும் இந்தத் திரையில் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்க முடியாததால், மழை விட்டதும் தொடரும்.