சீதன வீடு திருத்துற மருமகனுக்கு

போனில படம் காட்டுறாய், மனே. கண்ணாடிக் கதவு, வெள்ளைத் தரை, குசினிக்கும் விறாந்தைக்கும் நடுவில சுவரே இல்ல. வடிவுதான். ஆனா அந்தப் படத்தில ஒரு கோப்பையும் கவிழ்ந்து கிடக்கேல்ல, ஒரு பிள்ளையும் தவழேல்ல, கவனிச்சியா? அப்பிடி வீடு வேணுமெண்டா முதல்ல பிள்ளையைக் கொண்டுபோய் மாமியார் வீட்டில விடவேணும். உனக்கு அந்த வசதியும் இல்ல. நீ இருக்கிறதே மாமியார் வீட்டில.

கோவிக்காத. நானும் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவன்தான். என்ட மனிசிக்குத் தாய் குடுத்த சீதன வீடு இது. மறுகா என்ட மகளுக்குப் போச்சு, இப்ப என்ட பேத்திக்கு, அதுதான் உன்ட மனிசிக்கு. எழுவான்கரையாகட்டும் படுவான்கரையாகட்டும், மட்டக்களப்பில வீடு பொம்பிளைப்பிள்ளையோட போற சாமான். ஆம்பிளைக்கு மிஞ்சுறது வயல், மாடு, கடன். 1876 இல கிறிஸ்தோப்பர் பிறிற்றோ எண்டவர் இங்கத்த முக்குவர் சமூகத்தின்ட சட்டத்தை இங்கிலீசில புத்தகமாப் போட்டார். தாய்வழியில சொத்துப் போற கணக்கு அதில கிடக்கு. அந்தச் சட்டம் நீதிமன்றத்தை விட்டுப் போயிற்று, வழக்கம் ஊரை விட்டுப் போகேல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு வீடு கட்டிக் குடுத்தவங்க பல இடத்தில ‘குடும்பத் தலைவர்’ எண்டு ஆம்பிளையின்ட பேரில உறுதி எழுத, தாய்மார் தலையில கைவச்சாங்க. அடுத்த மகளுக்கு எதைக் குடுக்கிறது? ஆகவே கணக்கைச் சரியாப் பிடி. உன்ட மனிசி வீட்டுக்காரி. தவழ்ந்து திரியிறாளே உன்ட மகள், அவள் நாளைய வீட்டுக்காரி. நீ சீமெந்துக் காசு கட்டுற ஆள்.

வீடு திருத்துறதெண்டா அந்த நாளைய வீட்டுக்காரியிட்டயும் கேட்டுத்தான் தொடங்கவேணும். அவளுக்கு இன்னும் பேச்சு வரேல்ல எண்டு சொல்லாத. நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் திரியிறாள். நேற்று யன்னலைப் பிடிச்சு எழும்பி நிண்டாள். கட்டையில பழைய பச்சைப் பெயின்ற் சுருண்டு சுருண்டு கிடக்கு. சின்ன நகத்தால ஒரு செதிலைக் கிளப்பி, திருப்பிப் பார்த்து, வாய்க்குள்ள வச்சாள். நீ தரையோட்டுக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தாய்.

பழைய பெயின்ற்றில ஈயம் இருக்கும், மனே. இலங்கையில பெயின்ற்றுக்குள்ள ஈயம் இவ்வளவுதான் எண்டு சட்டம் நடைமுறைக்கு வந்தது 2013 இலதான். இந்தப் பச்சை அதுக்கு எவ்வளவோ முந்தினது. வயித்துக்குள்ள போற ஈயத்தை, பெரியாக்களை விட நாலஞ்சு மடங்கு சின்னப்பிள்ளை உடம்பு இழுக்கும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இவ்வளவு போனாப் பரவாயில்ல எண்டொரு அளவே இல்லையாம். அந்தப் பெயின்ற்றைக் காஞ்சபடியே உரசினா, கச்சான் காத்து அந்தத் தூளை வீடு முழுக்க, சோத்துக் கோப்பை வரைக்கும் கொண்டுபோகும். தண்ணி தெளிச்சு உரசு. கீழே பழைய சீலை விரி. உரசுற அண்டு மனிசியையும் பிள்ளையையும் தாய் வீட்டுக்கு அனுப்பு. அட, இதுதானே தாய் வீடு! ரெண்டு வளவு தள்ளி, அவளின்ட அக்கா வீட்டுக்கு அனுப்பு.

கூரைக்கு வாறன். ஓட்டைக் கழட்டி அஸ்பெஸ்டஸ் சீற் போட்டாக் கெதியா முடியும் எண்டு மேசன் சொன்னானாம். ஓம், மேசனுக்குக் கெதியா முடியும். அந்தச் சீற்றின்ட கதை தெரியுமா? அஸ்பெஸ்டஸ் எண்டா கல்நார். அதில நீலக் கல்நாரை இந்த நாடு 1987 இலயே தடுத்துப்போட்டுது. மிச்சத்தையும் 2018 இல இருந்து நிப்பாட்டுவம் எண்டு அரசாங்கம் சொல்லிச்சு. 2017 டிசம்பரில நம்மட தேயிலைப் பொதியில ஒரு வண்டைக் கண்டு ரசியா தேயிலை வாங்குறதை நிப்பாட்டிச்சு. நமக்குக் கல்நார் வந்ததும் பெரும்பாலும் ரசியாவில இருந்துதான். கொழும்பில கல்நார்த் தடையைத் தள்ளி வச்சாங்க, வண்டுக்கும் மன்னிப்புக் கிடைச்சுது. வண்டுக்கு இருக்கிற செல்வாக்கு உன்ட மகளுக்கு இல்ல. சீற் உடையாமக் கிடந்தா பெரிய ஆபத்தில்ல. வாளால அறுக்கேக்க பறக்கிற நார்தான் நெஞ்சுக்குள்ள போய், இருபது முப்பது வருசம் பதுங்கியிருந்து வேலையைக் காட்டும். பின்தாழ்வாரத்தில கிடக்கிற பழைய சீற்றைக் கழட்டத்தான் வேணுமெண்டா நனைச்சு, உடைக்காம, முழுசா இறக்கச் சொல்லு. வீட்டு ஓடு நல்ல ஓடு. உடைஞ்சதை மாத்து, உக்கின சலாகையை மாத்து, காணும்.

எப்ப கூரையைத் திறக்கிறது எண்டு கேக்கிறாய். பஞ்சாங்கத்தைப் பாராத, மேசன்ட நாள்காட்டியைப் பார். மாசி பங்குனியில வேளாண்மை வெட்டு. வைகாசியில கண்ணகியம்மன் சடங்கு. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம். கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போகாத மேசன் இந்தப் பக்கம் இன்னும் பிறக்கேல்ல. ஐப்பசி தாண்டினா மாரி. வருசத்து மழையில பெரும்பங்கு தை மாசம் போக முந்தி நம்மட தலையிலதான் கொட்டும். 1978 நவம்பர் 23 சூறாவளி வந்ததும் அந்த மாரியிலதான். அண்டைக்குக் கூரையைக் கழட்ட நாங்க ஒரு மேசனையும் கூப்பிடேல்ல. ஆனபடியால் இடையில கிடைக்கிற கிழமையளைப் பொறுக்கு. ஒரு அறையைத் திறந்து மூடின பிறகுதான் அடுத்ததைத் திற. பிள்ளை படுக்கிற அறை கடைசி.

சுவரில உப்புப் பூக்குது எண்டு சீமெந்து பூசப் பார்க்கிறாய். இது சுண்ணாம்புச் சாந்தில எழும்பின சுவர். வாவிக்கரை மண்ணில இருந்து ஈரம் ஏறி வரும். சுண்ணாம்பு அதை மெல்ல மெல்லக் காத்தில விடும். மேல சீமெந்தை இறுக்கினா ஈரம் வழியில்லாம உள்ளுக்க நிண்டு, ரெண்டு மாரி போகப் பூச்சைப் பாளம் பாளமாத் தள்ளும். சுவரும் மாமியாரைப் போலத்தான். வாயை மூடி வச்சா ஒருநாள் மொத்தமா வெளிய வரும். என்ட மகள்தானே, எனக்குத் தெரியும். சுண்ணாம்பிலயே பூசு. காசும் மிச்சம். 2021 தொடக்கத்தில ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் போன சீமெந்துப் பை, அடுத்த வருசமே ரெண்டு மடங்கைத் தாண்டினது உனக்கு மறந்திருக்காது. சுண்ணாம்பு நீத்திற இடத்துக்கு மட்டும் பிள்ளையை விடாத, கண்ணில பட்டாப் பார்வை போகும்.

இதெல்லாத்துக்கும் முந்தி, கிணறு. கட்டு உன்ட முழங்காலுக்கு மேல வராது. உன்ட மேசன் நல்லவன், பிள்ளை ஏறட்டும் எண்டு பக்கத்திலயே சீமெந்துக் கல்லைப் படி படியா அடுக்கி வச்சிருக்கான். இண்டைக்கே கம்பி மூடி போடு. பூச்சு நனைக்க நிரப்பி வச்ச பீப்பா, கரண்டி கழுவின வாளி எல்லாத்தையும் பார். தலைகீழா விழுந்த பிள்ளைக்கு நாலு விரல் தண்ணி காணும். அதே தண்ணி ஒரு கிழமை, பத்து நாள் நிண்டா டெங்கு நுளம்பு பறக்கும். வாளியைக் கவிழ்த்தாத்தான் அண்டையக் கூலி எண்டு சொல்லு. மேசன் நம்மட சொல்லுக் கேக்கிற ஒரே நேரம் பின்னேரம் காசு எண்ணுற நேரம்தான். அதோட, வயரிங் செய்யிறவனை ட்ரிப் சுவிச் போடச் சொல்லு. அதில 30 மில்லி அம்பியர் எண்டு போட்டிருக்கோ எண்டு கண்ணாடியை மாட்டிப் பார். பிள்ளை கம்பியைப் பிளக்குக்குள்ள விட்டுப் பார்க்கிற வயசுக்கு இன்னும் கனநாள் இல்ல.

கிணறு, கரண்ட், யன்னல், கூரை, சுவர். அதுக்குப் பிறகு காசு மிஞ்சினாப் படத்தில பார்த்த தரை. மிஞ்சாது, பயப்பிடாத. இப்ப கிடக்கிற சிவப்புச் சீமெந்துத் தரை அவளுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. வழுக்காது, சோறு கொட்டினாலும் வீடு அழகு குறையாது. தரையில இருந்து ரெண்டடி வரைக்கும் சுவருக்கு விலை கூடின பெயின்ற் அடிக்காத. அந்த ரெண்டடி இன்னும் அஞ்சாறு வருசத்துக்கு அவளின்ட சிலேட்டு.

நான் சொல்லுறதையெல்லாம் கேட்டு நீ ஒழுங்காச் செய்தாலும் புகழ் கிடைக்கும் எண்டு நினைக்காத. அவள் வளருவாள், கலியாணம் வரும், வீடு அவளுக்குப் போகும், வீட்டோட ஒரு மாப்பிள்ளையும் வருவான். வந்த கையோட சுவரைத் தட்டிப் பார்த்து, ‘மாமா, இந்தப் பூச்சை எந்த மடையன் பூசினது?’ எண்டு கேப்பான். நீ கதிரையை விட்டு எழும்பாம மேசனைச் சொல்லு. மேசன்மார் அதுக்கும் சேர்த்துத்தான் கூலி வாங்குறாங்க.