தூண்டில் படகு மோட்டார்ப் பழுதியல்: மூவகைத் தட்டலும் ஈரெச்சமும்

முன்னுரை

மீனுக்குச் சந்தேகம் வராத வேகத்தில் தூண்டில் படகை நகர்த்தும் மின் கருவிக்கு ட்ரோலிங் மோட்டார் என்று பெயர். 1934-இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்து ஃபார்கோ நகரில், ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குத் தண்டும் விசிறியும் பூட்டி இதை ஆக்கினார். ஆக்கியோன் பெயர் இருக்கிறது, உரைதான் இல்லை. அக்குறையைப் போக்க, பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் வசிக்கும் இவ்வாய்வாளன் துணிந்தான். 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டும் 11,842 உள்ள இடத்தில் களத்துக்குப் பஞ்சமில்லை.

ஆய்வுப்பொருள்

ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களோடு கிடந்து, பேரம் பேசி வாங்கப்பட்ட 12 வோல்ட் மோட்டார். ஸ்டிக்கரில் கண்ட இழுவிசை 30 பவுண்ட். சென்ற கோடையின் கடைசி ஞாயிறன்று ஒரு ராட்சத பைக் மீன் ஆய்வாளனின் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. ‘முப்பது பவுண்டுக்குக் குறையாமல் இழுத்தது’ என்று பொங்கல் விருந்து வரை அது பல அவைகளில் அரங்கேறியது. இந்த மே மாதம் எடுத்துப் பார்த்தபோது மோட்டார் மூச்சுவிடவில்லை.

முறையியல்

பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, எனவே நிரபராதி. ஐந்தாம் வேகத்தில் மட்டும் ஓடினால் வேகக் காயில் கருகிவிட்டது என்பர். இது எதிலுமே ஓடாததால் அக்கருதுகோள் கைவிடப்பட்டது.

தட்டல் மூவகைப்படும்: உள்ளங்கைத் தட்டல், ஸ்குரூ டிரைவர் கைப்பிடித் தட்டல், ஊர் மெக்கானிக்கை மனத்தில் நினைத்துத் தட்டல். இரண்டாவதற்கு மோட்டார் அரைச் சுற்று சுற்றி நின்றது. தட்டினால் அசைவது, கார்பன் பிரஷ் கூட்டுக்குள் இறுகியதன் அறிகுறி. மிக்ஸியோடு குடும்பம் நடத்திய எவரும் இதை அறிவர்.

அறுவை

நட்டைக் கழற்றி விசிறியை உருவியதும், தண்டில் பச்சை நரம்பு ஒரு கொண்டை அளவுக்குச் சுற்றியிருந்தது (இதன் ஆய்வைப் பின்னர்க் காண்க). இரண்டு நீள போல்ட்டுகளை எடுத்து மூடியைத் தட்ட, டிக்காக்‌ஷன் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. ஆர்மேச்சரை நாம் வெளியே இழுக்க, காந்தம் உள்ளே இழுக்கும். நடுவில் விரல் வைப்பது உசிதமன்று. செம்புப் பகுதியை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, புது பிரஷ்ஷும் புது ஆயில் சீலும் போட்டாயிற்று. மூடும்போது ஸ்பிரிங் பிரஷ்ஷைத் துப்பும். காகிதக் கிளிப்பை வளைத்து, ஆர்மேச்சர் நுழையும் வரை அதைத் தடுத்து வைக்க வேண்டும். இவ்வுண்மை எட்டாவது முயற்சியில் புலனாயிற்று.

பூட்டி முடித்தபின் மேசையில் இரண்டு எச்சங்கள். ஒன்றன் பெயர் தெரிந்தது: வாஷர். ஆகவே பெயரெச்சம். மற்றது இதுவரை என்ன வினை புரிந்தது என்றே தெரியவில்லை; வினையெச்சம்.

காரணம்

நரம்பு சுற்றி இறுகி ஆயில் சீலை அறுத்திருக்கிறது. அவ்வழியே புகுந்த தண்ணீர் குளிர்காலம் முழுதும் உள்ளே உட்கார்ந்து துருவை வளர்த்திருக்கிறது. இனி நரம்பு யாருடையது என்பதே கேள்வி. ஆய்வாளன் அண்டைப் படகுக்காரர்களை ஐயுற்றுக்கொண்டிருக்கையில் மனைவி அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“ஏங்க, இது உங்க பச்சை நரம்புதானே? மீன் அறுத்துட்டுப் போச்சுன்னீங்களே?”

நரம்பின் நுனியில் ஆய்வாளனின் தூண்டில் முள்ளும் அப்படியே இருந்தது.

முடிவுரை

வாளித் தண்ணீரில் மோட்டார் ஐந்து வேகத்திலும் ஓடிற்று. அன்று இழுத்தது முப்பது பவுண்ட் என்ற ஆய்வாளனின் கணிப்பு, ஸ்டிக்கரோடு ஒரு பவுண்டும் பிசகாமல் ஒத்துப்போகிறது. அளவு சரி, இனம்தான் தவறிவிட்டது.