காஸ் பொறியியலாளர் பட்டம் கோரி மஹய்யாவயிலிருந்து ஒரு மனு

கனம்பொருந்திய நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் சமூகத்துக்கு, கண்டி மஹய்யாவயில் வசிக்கும் மனுதாரர் பணிவுடன் அறியத் தருவதாவது:

மனுதாரர் தம் வீட்டில் வெந்நீருக்கான காஸ் ஹீட்டரைப் போயா விடுமுறையன்று தாமே கழற்றி, புதியதைத் தாமே பூட்டினார். இது குற்றமானால் தண்டனைக்குத் தயார். குற்றமில்லையானால் அவருக்கு ஒரு பட்டம் வேண்டும். சபை இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்கும்வரை அவர் ஸ்பெனரைக் கீழே வைப்பதாக இல்லை.

பட்டத்துக்குத் தகுதி என்ன என்று சபை வினவலாம். மனுதாரர் பள்ளிக்கூடத்தில் படித்தது சாதாரண தரம் வரைக்கும்தான். ஆனால் 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இந்த நாட்டில் சமையலறை வைத்திருந்த ஒவ்வொருவரும் காஸ் பொறியியலில் டிப்ளோமா முடித்துவிட்டார்கள். கட்டணம் மட்டும் கொஞ்சம் கூடுதல். அந்த ஒக்டோபரில் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாவுக்குப் போனது. விலை ஏறியதை எல்லாரும் கண்டார்கள். சிலிண்டருக்கு உள்ளே இருப்பது மாறியதை யாருக்கும் யாரும் சொல்லவில்லை.

நவம்பரில் வெடிக்கத் தொடங்கியது. கொழும்பு ரேஸ்கோர்ஸ் கட்டடத்து உணவகம் ஒன்றில் 20ஆம் திகதி வெடித்தது. பிறகு ஊர் ஊராக அடுப்புகளின் கண்ணாடி சிதறியது, உயிர்களும் போயின. மாத முடிவில் மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொலகே தலைமையில் ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். பியூட்டேன், புரோபேன் விகிதம் மாறியதுதான் முக்கிய காரணம் என்று குழு சொன்னது. அது வாய் திறக்கும்வரை குற்றவாளிக் கூண்டில் நின்றவை ஹோஸ், கிளிப், ரெகுலேட்டர், அடுப்பு, அடுப்புக்கு முன்னால் நின்ற பெண்.

அந்த நாட்களில் மஹய்யாவயில் பேச்சே வேறு. புரோபேன் கொதிப்பது மைனஸ் 42 பாகையில், பியூட்டேன் கொதிப்பது பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே. ஆகவே நம் வெயிலில் புரோபேனின் அழுத்தம் பியூட்டேனைவிட மூன்று மடங்குக்கும் மேல். இதைக் குழாயடியில் ஆச்சிமார் பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள். புரோபேன் 30 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் பின்னர் வரம்பு வைத்தபோது, "முதலே சொல்லியிருக்கலாமே" என்று அலுத்துக்கொண்டவர்களும் அவர்களே. சவர்க்கார நுரையை வால்விலும் இணைப்பிலும் பூசிக் குமிழ் வருகிறதா என்று பார்ப்பதுதான் செய்முறைப் பரீட்சை. அதில் மனுதாரர் திறமைச் சித்தி.

பாடத்திட்டத்தில் ஒரே ஒரு குறை. சிலிண்டரை வீட்டுக்கு வெளியே வையுங்கள் என்று அப்போது ஆலோசனை வந்தது. எழுதியவர் வீட்டில் முற்றமும் மாமரமும் இருந்திருக்க வேண்டும். நகரத்தைக் கூட்டித் துடைக்க வெள்ளைக்காரன் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பரம்பரைக்கு மாநகர சபை ஒதுக்கிய லயன்கள் இங்கே நெருக்கியடித்து நிற்கின்றன. ஒரு அறை இரண்டானது, இரண்டின் மேல் மாடி ஏறியது. அகலம் மட்டும் ஏறவில்லை. மனுதாரரின் கதவுக்கு வெளியே ஒரு முழம் நடைபாதை. அதற்கப்பால் பக்கத்து வீட்டு அக்காவின் ஜன்னல். அங்கே சிலிண்டரை வைத்தால் ஆபத்து வெளியேறுவதில்லை, விலாசம்தான் மாறுகிறது.

இனி ஹீட்டருக்கு வருவோம். மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறிய பிறகு, மின்சார ஹீட்டரைக் கைவிட்டு காஸுக்கு மாறிய வீடுகளில் இதுவும் ஒன்று. மார்கழிக் குளிரில் வயதான அம்மாவைப் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொல்ல முடியாதே. முதல் ஹீட்டரைப் பூட்டியவர் மனுதாரர் அல்ல, அனுபவமுள்ள ஒரு பாஸ். அவர் அதைக் குளியலறைக்குள்ளேயே மாட்டினார்.

"வெளிய போட்டா பைப் நிறையப் போகும் ஐயா, காசு வீண்" என்றார்.

லைசன் இருக்கிறதா என்று கேட்டபோது மோட்டார் சைக்கிள் லைசனைக் காட்டினார். பெட்டியிலிருந்த இங்கிலீஷ் கையேடு, தகுதி பெற்றவர் மட்டுமே பூட்ட வேண்டும் என்றது. தகுதியைத் தருவது யார் என்று அதில் இல்லை.

அதன்பின் அம்மாவுக்குக் குளிக்கும்போதெல்லாம் தலை சுற்றியது. பிரஷர் என்று மருந்து கூட்டப்பட்டது. பழைய ஹீட்டர் துருப்பிடித்து ஒழுகத் தொடங்கியபோதுதான் மனுதாரர் தம் டிப்ளோமாவைத் தூசு தட்டிக் கணக்குப் போட்டார். நிமிடத்துக்கு ஆறு லீற்றர் தண்ணீரை 25 பாகை சூடாக்க மணிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ காஸ் எரிய வேண்டும். ஒரு கிலோ எரியச் சுமார் 13 கன மீற்றர் காற்று வேண்டும். பத்து நிமிடக் குளியலுக்கு இரண்டு கன மீற்றருக்கும் மேல். அம்மாவின் குளியலறை முழுவதிலும் இருப்பது ஐந்தரை கன மீற்றர். கதவும் ஜன்னலும் பூட்டியிருந்தால் அம்மாவும் ஹீட்டரும் ஒரே காற்றுக்குப் போட்டி போடுகிறார்கள். காற்றுக் குறைந்த சுடர் காபன் மொனொக்சைட்டைக் கக்கும். அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். குளியலறை காஸ் ஹீட்டரால் வலிப்பு வந்தவர்களைப் பற்றியும் மயங்கி விழுந்தவர்களைப் பற்றியும் இந்திய நரம்பியல் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் எழுதியே இருக்கிறார்கள்.

கசிவை மூக்கு கண்டுபிடிக்கட்டும் என்று சிலிண்டருக்குள் எத்தில் மேகப்டன் கலக்கிறார்கள். 2021இல் அதன் அளவைப் பற்றியும் பெரிய வாக்குவாதம் நடந்தது. எரிந்தபின் வரும் விஷத்துக்கோ வாசனையே இல்லை. அதைப் பற்றி வாக்குவாதமும் இல்லை.

ஆகவே மனுதாரர் வால்வைப் பூட்டி, தண்ணீரை நிறுத்தி, பழையதை இறக்கினார். புதியதை வெளிச்சுவரில், தாழ்வாரத்தின் கீழ் மாட்டினார். சுவரைத் துளைத்து வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே விட்டார். புது ஹோஸ், புதுக் கிளிப், பற்றவைக்க இரண்டு டோர்ச் பெற்றரி. குழாயைத் திறந்தால்தான் தண்ணீரின் அழுத்தம் உள்ளேயிருக்கும் சவ்வைத் தள்ளி காஸைத் திறக்கும் என்பதையும், மேட்டு நில மஹய்யாவயில் தண்ணீர் மெலிந்து வரும் காலையில் அந்தச் சவ்வு அசையாது என்பதையும் எந்தக் கையேடும் சொல்லாமலே கண்டறிந்தார். நுரையில் குமிழ் வரவில்லை. அம்மா குளித்தார், தலை சுற்றவில்லை.

சுற்றியது அக்காவுக்கு. "தம்பி, உங்க அம்மா குளிக்கிற புகையெல்லாம் எங்க குசினிக்குள்ளதான் வருது" என்றார். அவர் சொன்னது நியாயம். மனுதாரர் தகரக் குழாய் வாங்கிப் புகையைக் கூரைக்கு மேலே ஏற்றினார். மேல்மாடிக்காரர் இன்னும் எதுவும் சொல்லவில்லை; அவர் வேலைக்காகக் கட்டாரில் இருக்கிறார்.

வீட்டுக்கான முதல் உடனடி வெந்நீர்க் கருவியை 1868இல் லண்டனில் செய்த பெஞ்சமின் மோன் தொழிலால் பெயின்டர். அவர் கருவியில் புகைக்குழாய் கிடையாது. பிரிட்டனில் இன்று கூலிக்கு காஸ் வேலை செய்பவர் 2009 முதல் நடைமுறையிலுள்ள பதிவேட்டில் இருந்தாக வேண்டும். அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். மஹய்யாவ இந்தக் காலக்கோட்டில் எங்கே நிற்கிறது என்பதைச் சபை தன் கோப்புகளில் தேடிப் பார்க்கலாம். மனுதாரரின் கணிப்பு 1868க்கும் 1870க்கும் இடையில்.

ஆகவே மனுதாரர் கோருவது: ஒன்று, என்.வி.கியூ. மூன்றாம் தரத்துக்குக் குறையாத சான்றிதழ், ஆச்சிமாருக்கு ஐந்தாம் தரம். இரண்டு, காஸ் ஹீட்டர் விற்கும் பெட்டியின் மேல், குளியலறைக்குள் மாட்டாதே என்று மூன்று மொழியிலும் பெரிய எழுத்தில் ஒரு வரி. மூன்று, சிலிண்டரை வெளியே வைக்கச் சொல்லும் அடுத்த அறிவித்தலோடு, வெளியே வைக்க இடமும் ஒரு வீட்டுக்கு இரண்டடி வீதம் அனுப்பிவைத்தல். இரண்டாவதை மட்டும் செய்தாலும் மற்ற இரண்டையும் மனுதாரர் மீளப் பெற்றுக்கொள்வார்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிந்த, சான்றிதழ் பெறாத பொறியியலாளர்.

பிரதிகள்: கண்டி மாநகர சபைக்கு ஒன்று, பாஸுக்கு ஒன்று, அக்காவின் வற்புறுத்தலின் பேரில் அக்காவுக்கு ஒன்று.