ஒரு மணி நேரத்துக்குள் தூத்துக்குடி

சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் வான்வழியில் சுமார் 340 கிலோமீட்டர். இரண்டு ஊர் விமான நிலையங்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. காமலாபுரத்தில் எழும்பி நேர் தெற்கே பறந்தால் வாகைக்குளத்தில் இறங்கிவிடலாம். ஏ.டி.ஆர். விமானத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. கணக்கில் குறை சொல்ல இடமில்லை. விமானம்தான் இல்லை.

பறந்தே தீருவேன் என்று அடம்பிடிப்பவர் முதலில் வடகிழக்கே சென்னைக்குப் போக வேண்டும். அங்கே காத்துக் கிடந்து, மறுபடி தெற்கே திரும்ப வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் இந்த வித்தையில் 340 கிலோமீட்டர் 790-ஐத் தொட்டுவிடும். காமலாபுரம் போக டாக்ஸிக்கு அழுது, சோதனையில் பெல்ட்டைக் கழற்றி மாட்டி, மீனம்பாக்கத்தில் கொள்ளை விலைக்குக் காபி குடித்து அவர் இணைப்பு விமானத்துக்குத் தவம் கிடப்பார். அதே காலையில் சேலத்தில் பஸ் ஏறியவரோ மதுரை ஆரப்பாளையத்தில் இறங்கி, மாட்டுத்தாவணிக்கு ஓடி, தூத்துக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டிருப்பார். மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸும் சேலம் வழியாகத்தான் ஓடுகிறது, பொன்னாடை எதுவும் கேட்காமல்.

ரப்பர் செருப்பு போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று 2017 ஏப்ரலில் சிம்லாவில் பிரதமர் உடான் சேவையைத் தொடங்கிவைத்தார். செருப்புக்காரர் இன்னும் பஸ் ஸ்டாண்டில்தான் நிற்கிறார். நான் சொன்னால் அரசியல் என்பீர்கள். மத்திய தணிக்கைத் துறையே 2023-ல் சொன்னது. முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கிய வழித்தடங்கள் 774. அதில் 403-ல் சேவை தொடங்கவே இல்லை. தொடங்கிய 371-ல் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முழுதாக ஓட்டியவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச் வரை தாக்குப்பிடித்தவை 54. நூற்றுக்கு ஏழு! நம் பிள்ளை இந்த மார்க்கோடு வந்தால் சோறு போட யோசிப்போம். இங்கே மாலை போட்டு மேடையேற்றுகிறார்கள், அதுவும் நம் வரிப்பணத்தில் வாங்கிய மாலை.

சேலத்தையே பாருங்கள். நிலையம் திறந்தது 1993-ல். 2009-ல் கிங்ஃபிஷர் வந்தது, 2011-ல் போனது. 2018 மார்ச்சில் உடான் புண்ணியத்தில் ட்ரூஜெட் வந்தது, 2021-ல் அதுவும் போனது. 2023 அக்டோபரில் மறுபடி சேவை, மறுபடி விழா. வரும்போதெல்லாம் போட்டோவில் முகம் காட்ட முண்டியடித்தவர்களில் ஒருவரையும் போகும்போது காணோம். வழியனுப்பவாவது ஒரு எம்.எல்.ஏ. வந்திருக்கலாம்.

இதில் வயிறெரிய வைப்பது நிலக் கதை. நாளுக்கு ஒரு சின்ன விமானம் வந்துபோன அந்த 2018-லேயே, விரிவாக்கத்துக்கு இன்னும் 570 ஏக்கர் வேண்டும் என்று அரசு கிளம்பியது. காமலாபுரம், பொட்டியாபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி என்று விளைநிலத்தில் ஆள் இறங்கியது. இந்த நிலையத்துக்கு ஏற்கெனவே ஒருமுறை நிலம் கொடுத்த பகுதி அது. கிணற்றையும் காட்டையும் விட்டுவிட்டு எங்கே போவது என்று கேட்ட விவசாயிகளுக்கு வளர்ச்சியைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். ஓடுபாதை நீண்டால் பெரிய விமானம் வரும் என்றார்கள். மூன்றே வருஷத்தில் இருந்த சின்ன விமானமும் நின்றது.