ஐப்பசியில் ஒரு வள்ளம்

கே: ஐப்பசியில் தனியே சின்ன வள்ளத்தில் ஒரு நாள் போய்வர ஆசை. கடலுக்குப் பயம். எங்கே போகலாம்?
- வாசகர், வெள்ளவத்தை

ப: பயம் நல்லது, ஆசை அதைவிட நல்லது. கொட்டாஞ்சேனை தாண்டி, களனி கங்கைக்கு அப்பால் ஹெந்தளைக்குப் போங்கள். ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்த ஹமில்டன் கால்வாய் அங்கே இருக்கிறது. முத்துராஜவெல சதுப்பின் உப்புநீரை வடிக்க வெட்டியது. இன்று அலையில்லாமல் வள்ளம் விட அதைவிட நல்ல இடம் கொழும்புக்குப் பக்கத்தில் எனக்குத் தெரியாது.

பின்னால் இருந்து வலிப்பவர் பையை அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கத்தில், வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொண்டு வள்ளம் காற்றோடு போய்விடும். மீன்பிடி இயந்திரப் படகு வந்தால் அதன் அலைக்கு அணியத்தைத் திருப்புங்கள். கபரக்கொய்யா என்ற நீர் உடும்பு தலையை மட்டும் நீட்டி, வாலை வளைத்து வளைத்து நீந்தும். அதற்கு வழி விடுங்கள், அது ஊர்க்காரர்!

விடியவே இறங்குங்கள். ஐப்பசியில் பின்னேரம் இடி வரும். திறந்த நீரில் மின்னலுக்கு முதலில் தெரிவது உங்கள் தலைதான். கால்வாயின் நீளம் 14.5 கிலோமீற்றர், திரும்பவும் அதே தூரம் வலிக்க வேண்டும். மிதவை அங்கியைக் கழற்றவே வேண்டாம்.