கலைச்சுப் போடுங்கண்ணா!

திருவல்லிக்கேணியில் டிடிபி சென்டர் நடத்துகிறவனைத் தேடி வருகிறவர்கள் மூன்று ரகம். வீட்டில் கல்யாணம் வைத்தவர்கள், எழவு விழுந்தவர்கள், வார்டு தேர்தலில் நிற்பவர்கள். மூன்று பேருக்கும் எதிர்பார்ப்பு ஒன்றுதான்: எல்லாம் நேராக இருக்க வேண்டும். பெயர் நடுவில், படம் வட்டத்துக்குள், ஓரத்தில் பூ. வருஷக்கணக்காக நேர்கோடு போட்டே பிழைத்துக்கொண்டிருந்த என்னிடம், ஒரு பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் கறுப்பு டிஷர்ட்டுடன் வந்து நின்றார்கள். மியூசிக் கிளப் சார்பில் ராக் பத்திரிகை கொண்டுவரப் போகிறார்களாம்.

"எப்படிம்மா வேணும்?" என்று ஆசிரியர் பொறுப்பில் இருந்த பெண்ணைக் கேட்டேன்.

"நேரா மட்டும் இருக்கக் கூடாதுண்ணா. கலைச்சுப் போடுங்க. கிழிஞ்ச மாதிரி, மை சிந்தின மாதிரி, யாரோ அவசரத்துல ஒட்டிட்டு ஓடின மாதிரி."

எங்கள் ஆபரேட்டர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ஒரு மஞ்சள் நீராட்டு விழா அழைப்பிதழில் சொட்டு மை பட்டதற்காக, பெண்ணின் தாய்மாமன் அவரைத் தெருவே கேட்கும்படி வாழ்த்திவிட்டுப் போயிருந்தார். அதே மையைக் காசு கொடுத்துக் கேட்கும் ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது என்பதை அவர் நம்பத் தயாராக இல்லை.

"இந்தக் காலத்துல அச்சு எதுக்கும்மா? போன்லயே போட்டுடலாமே?" வரும் வியாபாரத்தை விரட்டுகிற கேள்விதான். ஆனாலும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே.

அந்தப் பெண் பாடம் எடுத்தாள். 1952-இல் லண்டனில் தொடங்கிய என்எம்இ, வாராவாரம் அச்சடிப்பதை 2018-இல் நிறுத்திவிட்டது. 1986-இல் தொடங்கிய க்யூ, 2020-இல் கடையைக் கட்டியது. "எல்லாரும் நிறுத்திட்டாங்கண்ணா. அதான் நாங்க ஆரம்பிக்கிறோம்." எந்த வங்கி மேலாளரும் கடன் கொடுக்காத காரணம். ஆனால் அவளிடம் முன்னோர்களும் இருந்தார்கள். அமெரிக்காவில் 1966-இல் க்ராடாடி என்ற பத்திரிகையைத் தொடங்கிய பால் வில்லியம்ஸ், 17 வயதுக் கல்லூரி மாணவர். ரோலிங் ஸ்டோன் வந்ததே அதற்கு அடுத்த வருஷம்தான். அவ்வளவு தூரம் போவானேன், நம் நாட்டின் ராக் ஸ்ட்ரீட் ஜர்னல் 1993-இல் புறப்பட்ட ஊர் மும்பையோ பெங்களூரோ இல்லை, அலகாபாத். அலகாபாத்தில் முடிந்தது திருவல்லிக்கேணியில் முடியாதா என்று என் ஊர்ப்பற்றைக் கிள்ளிவிட்டாள். முன்பணம் கேட்கவே மறந்துபோனேன்.

மாதிரிகள் கொண்டுவந்திருந்தார்கள். முதல் மாதிரி ஸ்னிஃபிங் க்ளூ. 1976-இல் லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி எழுத்தர் தட்டச்சில் அடித்து, தலைப்புகளை ஃபெல்ட் பேனாவால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து விற்ற பங்க் பத்திரிகை. பக்கங்களைப் பார்த்ததும் எனக்கு மாமனார் வீட்டு மளிகை லிஸ்ட் ஞாபகம் வந்தது. அடித்தல் திருத்தல்கூட அப்படியே இருந்தது. "இதுக்கு டிடிபி எதுக்கு தம்பி? நீங்களே எழுதலாமே?" என்றேன். வடிவமைப்புப் பொறுப்பில் இருந்த பையன் அடுத்த மாதிரியை எடுத்தான்.

அது ரே கன். 1992-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. அதை வடிவமைத்த டேவிட் கார்சன் அதற்குமுன் சமூகவியல் வாத்தியாராக இருந்தவர், கடலலையில் பலகை வைத்துச் சறுக்கும் வீரர். எழுத்தின் மேல் எழுத்து, பத்தியின் மேல் பத்தி, பாதியில் வெட்டிய தலைப்பு என்று போடுவார். 1994-இல் பிரையன் ஃபெர்ரி என்ற பாடகரின் பேட்டி அவருக்குச் சலிப்பாக இருந்ததாம். உடனே முழுப் பேட்டியையும் ஸாஃப் டிங்பேட்ஸ் எழுத்துருவில் போட்டுவிட்டார். அந்த எழுத்துருவில் எழுத்தே கிடையாது. நட்சத்திரம், கத்தரிக்கோல், அம்புக்குறி, தொலைபேசி போன்ற குறிகள்தான் இருக்கும்.

பிள்ளைகள் புல்லரித்துப் போய்ச் சொன்னார்கள். எங்கள் ஆபரேட்டர் அசரவில்லை. "பாமினி ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல நம்ம ஃபைலைத் திறந்தா தெனமும் வர்றதுதானே சார் இது?" என்றார். அமெரிக்காவில் ஒருவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோன காரியத்தைத் தமிழ்நாட்டு டிடிபி கடைகள் அன்றாடம் செய்து, அதற்காக வாடிக்கையாளரிடம் திட்டும் வாங்கிக்கொண்டிருக்கின்றன.

சரி, கலைப்போம் என்று உட்கார்ந்தோம். கலைப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் என் கடைக்கு வந்து உட்கார வேண்டும். முதலில் வடிவமைப்புப் பையன் பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்துக் கோடு போட்டான். "நேரா இருக்கக் கூடாதுன்னீங்களே?" என்றால், "கோடு இருந்தாதாண்ணா மீற முடியும்" என்றான். பிறகு காகிதத்தை நிஜமாகவே கிழித்து, 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தோம். முதல் கிழிசல் சரியில்லை என்றான். அடுத்ததும் இயல்பாக இல்லையாம். பாதி ரீம் ஏ4 காகிதம் இப்படி இயல்பு போதாமல் குப்பைக்குப் போனது. செல்லோ டேப் ஒட்டிய மாதிரி ஒரு படம். அதை இரண்டு மில்லிமீட்டர் இடது பக்கம், இல்லை, ஒரு மில்லிமீட்டர் வலது பக்கம். தலைப்பு 7 டிகிரி சாய வேண்டும், 9 போனால் 'ஓவர்'. யாரோ அவசரத்தில் ஒட்டிவிட்டு ஓடிய மாதிரி ஒரு பக்கம் வருவதற்கு மதியம் தொடங்கி விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் நான் ஒரு கல்யாணப் பத்திரிகையை முடித்து, மாப்பிள்ளையின் படிப்பைப் பெண் வீட்டார் திருத்தி, மாப்பிள்ளை வீட்டார் மறுபடி திருத்தி, ப்ரூஃபும் கொடுத்திருப்பேன்.

இதற்கிடையில் அட்டையில் ஒரு விபத்து. எந்த ஃபைலைத் திறந்தாலும் மேலே நடுவில் 'உ' போட்டுவிட்டுத்தான் ஆபரேட்டருக்குக் கை ஓடும். முள் முள்ளாக, வேலி மாதிரி இருந்த பத்திரிகைப் பெயருக்கு மேலே பிள்ளையார் சுழி உட்கார்ந்துவிட்டது. அதை அழிக்கப் போனபோது, பத்திரிகைக் குழுவில் இருந்த டெல்லிப் பையன் பதறித் தடுத்தான். மோட்டார்ஹெட் என்ற ஆங்கிலேயக் குழு தன் பெயரில் ஒரு எழுத்தின் தலைமேல் காரணமே இல்லாமல் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டது, உச்சரிப்புக்காக இல்லை, பார்வைக்கு மிரட்டலாக இருக்கட்டும் என்று. அதைவிட இது மிரட்டுகிறது என்பது அவன் கட்சி. விநாயகர் அட்டையிலேயே இருந்துவிட்டார்.

புகைப்படத்துக்கு வருவோம். ராக் பத்திரிகையில் உயிர் போகிற இடம் அதுதான்.

மேடைப் புகைப்படக்காரர்களுக்கு உலகெங்கும் ஒரு நடைமுறை உண்டு. முதல் மூன்று பாட்டுக்கு மட்டும் மேடையருகே நின்று எடுக்கலாம், ஃபிளாஷ் போடக் கூடாது. எங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரத் தம்பி இதைப் படித்துவிட்டு, யாரும் கேட்காமலே தனக்குத்தானே அமல்படுத்திக்கொண்டான். கல்லூரி விழாவில் முதல் பாட்டு தமிழ்த்தாய் வாழ்த்து. இரண்டாவது இறை வணக்கம். மூன்றாவதாகக் கல்லூரியின் ராக் குழு மேடையேறி, 'செக், செக், மைக் செக்' என்று முடித்தது. அதுவரை எடுத்ததில் உருப்படியாக இருந்தது குத்துவிளக்கு. நல்லவேளை, நான்காவது பாட்டில் கொள்கையைத் தளர்த்திக்கொண்டான்.

எடுத்த படங்களில் பாதி மங்கல். கேட்டால் கையில் பதில் வைத்திருந்தான். 1979-இல் வந்த தி க்ளாஷ் குழுவின் லண்டன் காலிங் இசைத்தட்டு அட்டை. நியூயார்க் மேடையில் பால் சிமனன் தன் பேஸ் கிட்டாரை ஓங்கித் தரையில் அடிக்கும் படம். எடுத்தவர் பென்னி ஸ்மித். ஃபோகஸ் போய்விட்டது, அட்டையில் போடாதீர்கள் என்று அவரே தடுத்தாராம். மீறிப் போட்டார்கள். 2002-இல் க்யூ பத்திரிகை அதையே எக்காலத்துக்கும் சிறந்த ராக் புகைப்படம் என்று தேர்ந்தெடுத்தது.

"தம்பி, அந்தப் படத்துல ஆளு வில்லா வளைஞ்சிருக்கான், கிட்டார் கோடாலி மாதிரி நிக்குது. மங்கலா இருந்தாலும் என்ன நடக்குதுன்னு தெரியுது. உன் படத்துல மங்கல் மட்டும்தான்பா தெரியுது" என்றேன். கொஞ்சம் கோபம். பிறகு வழிக்கு வந்தான். மாணவர்கள் கையில் இருக்கும் விலை குறைந்த 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸே இருட்டு மேடைக்குப் போதும். ஐஎஸ்ஓ-வை 3200-க்கு ஏற்றி, ஷட்டரை ஒரு நொடியில் 250-இல் ஒரு பங்காவது வைத்தால் பாடகர் நிற்பார். டிரம்மரின் கையை நிறுத்த 500-இல் ஒரு பங்காவது வேண்டும். குருணை விழும், விழட்டும். ராக் படத்தில் குருணை குற்றமில்லை.

குற்றவாளி சிவப்பு விளக்கு. கல்லூரி மேடைக்கு லைட் போடுகிறவர், ராக் என்று காதில் விழுந்ததும் எல்இடி முழுவதையும் சிவப்பாக்கிவிட்டார். கேமராவில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, முகம் இருந்த இடத்தில் குங்குமம்தான் இருந்தது. இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. சிவப்பைத் தள்ளிவிட்டுப் பச்சைச் சேனலை மட்டும் எடுத்தால் மூக்கும் முழியும் அங்கே ஒளிந்திருக்கும். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினோம். வேறு வழியில்லாமல் செய்ததை ஆசிரியர் பெண் பார்த்து, "எவ்ளோ கிளாஸிக்கா யோசிச்சிருக்கீங்கண்ணா!" என்றாள். மறுக்கவில்லை.

அடுத்தது குழுவின் ஸ்டில். தண்டவாளத்தில் நிற்பதாகத் திட்டம். ரயில்வேயில் வேலை பார்க்கும் ஆபரேட்டரின் மச்சான், 1989-ஆம் வருஷத்து ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவைச் சொன்னார். அத்துமீறி நுழைந்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறைக்குப் போனால் குழுவுக்குப் பெயர் வரும் என்று பேஸ் வாசிக்கிறவன் ஆசைப்பட்டான். செமஸ்டர் தேர்வு ஞாபகப்படுத்தப்பட்டு, சுவருக்கு இறங்கி வந்தார்கள்.

சென்னையில் வெறும் சுவர் ஏது? போஸ்டர் மேல் போஸ்டராகக் கிழிந்து தொங்கிய ஒரு சுவர் கிடைத்தது. நாங்கள் பாதி ரீம் செலவழித்தும் வராத அந்த இயல்பான கிழிசல் சுவர் முழுக்க இலவசமாக இருந்தது. கிட்டார்காரன் தலைக்கு மேல் 'மூலம், பௌத்திரம்' என்று பாதி விளம்பரம் இருந்ததையும் அப்படியே விட்டோம்.

ஐந்து பேரும் நின்றார்கள். யாரும் கேமராவைப் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. எங்கள் கடையில் போடும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் இறந்துபோனவரே சிரித்துக்கொண்டிருப்பார். இவர்கள் உயிரோடு இருந்தும் சிரிக்க மறுத்தார்கள்.

அந்தப் படம் நடுப்பக்கத்துக்கு. நடுப்பக்கம் என்றால் சென்டர் பின். படத்தின் நடுவில் நின்ற டிரம்மரின் வயிற்றில் ஒன்று, நெற்றியில் ஒன்று. மேடையில்தான் பின்னால் தள்ளுகிறார்கள், பத்திரிகையிலாவது நடுவில் நிற்கிறேன் என்று சந்தோஷப்பட்ட பையன். படத்தை நகர்த்தி, பின் இரண்டு பேருக்கு நடுவே சுவரில் விழும்படி செய்தேன். பாதி மூலம் போனது, டிரம்மர் பிழைத்தார்.

மற்ற படங்கள் வாட்ஸாப்பில் வந்தன. ஏ4 பக்கம் முழுக்க 300 டிபிஐ-யில் ஒரு படம் வர வேண்டுமானால் 2480-க்கு 3508 பிக்ஸல் வேண்டும். வாட்ஸாப் அதை நசுக்கி, தபால்தலைக்குப் போதுமான அளவில் கொண்டுவந்து கொடுக்கும். இதைச் சொன்னால், "பிக்ஸலா உடைஞ்சாலும் ஒரு அழகுதாண்ணா" என்கிறார்கள். இவர்களிடம் எதைச் சொன்னாலும் அதுவும் ஒரு அழகாகிவிடுகிறது.

பக்கமெல்லாம் கறுப்பு வேண்டும், அதில் வெள்ளை எழுத்து, அதுவும் 7 பாயின்ட். நான்கு நிறத்தையும் கொட்டிக் கறுப்பாக்கினால் மை காயாமல் எதிர்ப் பக்கத்தில் அப்பிக்கொள்ளும், பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பொடி எழுத்து அடைபட்டுப்போகும். ஆர்ட் பேப்பரில் நான்கு மையும் சேர்ந்து 300 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. எழுத்து இருக்கும் இடத்தில் ஒற்றைக் கறுப்பு மட்டும் என்று ராசியானோம். திரையில் மின்னிய பச்சை அச்சில் ஏன் மின்னவில்லை என்ற கேள்விக்கு, திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, காகிதத்துக்குப் பின்னால் எரியவில்லை என்றேன்.

மொத்தம் 22 பக்கம். சென்டர் பின் அடிக்கும் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். மீதி இரண்டு பக்கத்துக்கு என்ன செய்வது என்று விழித்தபோது, பொறுப்புப் பேராசிரியரே தீர்த்துவைத்தார். ஒன்றில் முதல்வரின் வாழ்த்துச் செய்தி, இன்னொன்றில் தாளாளரின் வாழ்த்துச் செய்தி. இருவரும் கோட்டு டை பாஸ்போர்ட் படத்துடன். இதழில் இருந்த மண்டை ஓட்டுப் படத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார், மங்களகரமாக இல்லையாம். "மத்தபடி டிசைன் நல்லா இருக்கு. ஆனா பிரின்டிங்ல கொஞ்சம் மை சிந்தியிருக்கு, பார்த்துக்குங்க" என்றார்.

வாழ்த்துச் செய்திகளையும் 7 டிகிரி சாய்த்துவிடலாம் என்று வடிவமைப்புப் பையன் சொன்னான். வேண்டாம் என்று ஆபரேட்டர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். இதழ் முழுக்க அந்த இரண்டு பக்கம்தான் நேராக இருக்கிறது. அவர் நிம்மதியாக வேலை செய்ததும் அவற்றில்தான்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு கடையில் ரேட் போர்டை மாற்றி எழுதியிருக்கிறேன். நேரான பக்கத்துக்குப் பழைய விலை, கலைத்துப் போட்ட பக்கத்துக்கு இரண்டு மடங்கு. ராக் பத்திரிகை நடத்தும் தம்பி தங்கைகள் தாராளமாக வரலாம். முன்பணத்துடன் வரவும், படங்களைப் பென்டிரைவில் கொண்டுவரவும், கிழிக்க வேண்டிய காகிதத்தை வீட்டிலிருந்தே எடுத்துவரவும்.